தொடுதிரையும் திருத்துவோன் கையும்

அண்மைக் காலமாக நம் கரையோர ஊர்களில் ஒரு புதிய முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகின்றது. மோட்டார் வாகனம் வைத்திருப்போர் முன்பெல்லாம் டயரின் விலையை நொந்துகொள்வர். பெற்றோலின் விலையை நொந்துகொள்வர். வீதியிலுள்ள குழிகளை நொந்துகொள்வர். இப்பொழுது இவற்றையெல்லாம் பின்தள்ளிவிட்டு முன்வந்து நிற்பது வேறொன்று. "இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது; திரை போய்விட்டது" என்கின்றனர். அதைச் சீர்செய்யக் கேட்கப்பட்ட தொகையைச் சொல்லும்போது அவர்தம் குரல் தாழ்ந்துவிடுகின்றது.

சாரதியின் ஆசனத்துக்கு அருகே, முன்பு வானொலிப் பெட்டி இருந்த இடத்தில், இன்று ஒரு கண்ணாடிப் பலகை ஒளிர்கின்றது. விரல் நுனியால் தொட்டாற் பாட்டு ஒலிக்கும், குளிர்காற்று வரும், போகும் வழி தெரியும். வண்டியைப் பின்னே செலுத்தும்போது பின்புறக் காட்சியையும் அதுவே காட்டும். நலமாயிருக்கும் வரை அது நல்ல பணியாள்தான். அது நோய்ப்பட்ட அன்றுதான் அதன் உண்மையான விலை வெளிப்படுகின்றது.

இந்த விலை ஏன் இத்துணை உயர்ந்து நிற்கின்றது? கண்ணாடி அத்துணை அருமையான பொருளா? கைப்பேசியின் திரை உடைந்தால் கல்முனைக் கடைத்தெருவிலேயே அதனை மாற்றித் தருகின்றார்கள். அதே இனத்தைச் சேர்ந்த மோட்டார் வண்டித் திரை மட்டும் ஏன் கொழும்பு வரை பயணம் போகவேண்டியிருக்கின்றது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஒரு பண்டத்தின் விலையைப் பற்றிய கதையோடு, நம் ஊர்த் தொழிலாளரின் கைத்திறனைப் பற்றிய கதையும் சேர்ந்தே வருகின்றது.

பொத்தானிலிருந்து திரைக்கு

தொடுதிரை நேற்றுப் பிறந்ததன்று. 1986 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பியூக் ரிவியேரா என்னும் வண்டியில் அது பொருத்தப்பட்டது. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற குழாய்த்திரை அது. சாரதிகள் அதனை விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பின்னர் 2012 இல் டெஸ்லா நிறுவனம் பதினேழு அங்குலத் திரையொன்றை வண்டியின் நடுவில் நிறுத்தி, ஏறக்குறைய எல்லாப் பொத்தான்களையும் அகற்றிவிட்டது. மற்றையோர் அதனைப் பின்பற்றினர். 2018 மே மாதம் முதல் அமெரிக்காவில் உற்பத்தியாகும் புதிய பயணிகள் வண்டிகள் அனைத்திலும் பின்னோக்குக் கமரா இருத்தல் வேண்டும் என்று சட்டம் வந்தது. கமரா இருந்தால் அதன் காட்சியைக் காட்ட ஒரு திரையும் வேண்டுமன்றோ? இவ்வாறு திரை ஆடம்பரத்தின் எல்லையைக் கடந்து, சாதாரண வண்டிகளுக்குள்ளும் புகுந்துவிட்டது.

உற்பத்தியாளருக்கு இதில் இன்னுமொரு நயம் உண்டு. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி அச்சு வார்க்கவேண்டும்; தனிக் கம்பி இழுக்கவேண்டும்; அதனைப் பொருத்தத் தொழிற்சாலையில் ஒரு கை வேண்டும். திரை வந்துவிட்டால் பல மாதிரி வண்டிகளுக்கு ஒரே பலகை போதும். பொத்தான்கள் யாவும் அதன்மேல் வரையப்பட்ட படங்களாகிவிடுகின்றன. நவீனம் என்ற பெயரில் வாங்குபவர் மகிழ, சிக்கனம் என்ற கணக்கில் விற்பவரும் மகிழ்கின்றார். ஆயின் விற்பவர் மிச்சப்படுத்திய அந்தச் செலவின் ஒரு பகுதி, சில ஆண்டுகள் கழித்து வாங்கியவரின் தலையில் வந்து இறங்குகின்றது.

பழைய வண்டியில் குளிர்காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. அத்திருகிலிருந்து ஒரு கம்பி உள்ளே சென்று ஒரு சிறு கதவைத் திறந்து மூடும். கம்பி அறுந்தால் கம்பியை மாற்றலாம். திருகு உடைந்தால் திருகை மாற்றலாம். ஒன்று கெட்டால் மற்றது கெடாது. இன்றைய திரையிலோ வானொலியும் குளிர்காற்றும் கமராவும் வழிகாட்டியும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. கூரை விழுந்தால் எல்லாம் விழும்.

ஒரு படை பழுது, முழுப் பலகைக்கும் விலை

திரை என்று நாம் ஒரு சொல்லாற் சொல்லும் பொருள் உண்மையிற் பல படைகளால் ஆனது. மேலே காப்புக் கண்ணாடி. அதன் கீழ் விரலின் தொடுகையை உணரும் மெல்லிய தகடு. அதன் கீழ் காட்சியைத் தோற்றுவிக்கும் திரவப் படிகத் தட்டு. அதற்குப் பின் ஒளிவிளக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால் கணினியும் நினைவகமும் அமைந்த மின்சுற்றுப் பலகை. இவற்றை இணைப்பவை நாடா போன்ற மெல்லிய கம்பிகள். படைகளை ஒன்றோடொன்று பற்றவைப்பது பசை. வெயிலில் நாள் முழுவதும் கண்ணாடி மூடி நிற்கும் வண்டிக்குள் ஏறும் வெப்பத்தில் அந்தப் பசை இளகுவதும் உண்டு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்பு முனைகளை அரிப்பதும் உண்டு. நம் கரையில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை.

பெரும்பாலான வேளைகளில் இப்படைகளில் ஒன்றுதான் பழுதாகின்றது. கெடிலாக் வண்டிகளில் நடந்ததை நோக்குக. 2013 முதலாகச் சில ஆண்டுகள் வெளிவந்த அவ்வண்டிகளிற் பலவற்றில் மேற்படை ஒட்டு விட்டு, சிலந்தி வலை போன்ற கீறல்கள் தோன்றின. விரல் தொடாமலே திரை தானாக இயங்கிற்று. தொட்டபோது இயங்க மறுத்தது. முகவர்கள் முழு அமைப்பையும் மாற்றவேண்டும் என்றனர். தனியார் திருத்துநர்களோ மேற்படையை மட்டும் மாற்றி, மிகச் சிறிய செலவில் அதே திரையை உயிர்ப்பித்துக் காட்டினர். உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குச் சென்றனர்.

டெஸ்லாவின் கதை இன்னும் தெளிவானது. 2012 முதல் 2018 வரை செய்யப்பட்ட அதன் இருவகை வண்டிகளில், திரைக்குப் பின்னால் 8 கிகாபைட் கொள்ளளவுள்ள நினைவகத் துண்டு ஒன்று இருந்தது. எழுதியெழுதி அழிக்கும்போது இத்தகைய நினைவகம் மெல்ல மெல்லத் தேய்ந்துவிடும் இயல்புடையது. சிலேட்டுப் பலகை நாளடைவில் தேய்வது போல என்று கொள்ளலாம். வண்டியின் கணினி ஓயாமற் குறிப்பெழுதிக்கொண்டிருந்தமையால், ஐந்தாறு ஆண்டுகளில் அத்துண்டு தேய்ந்து, திரை இருண்டுவிட்டது. துண்டின் விலை சில டொலர்களே. ஆனால் அந்நிறுவனம் பழைய திரைக்கணினியை நீக்கிப் புதியது பொருத்த 2020 ஆம் ஆண்டில் விதித்த கட்டணம் 2,500 டொலர். டொலர் ஒன்றுக்கு முந்நூறு ரூபா என்று கணக்கிட்டாலும் அது ஏழரை இலட்சம் ரூபாவாகும். இறுதியில் 2021 ஜனவரியில் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிருவாகம் தலையிட்டது. அடுத்த மாதமே ஏறக்குறைய 135,000 வண்டிகளை மீள அழைத்து, இலவசமாகத் திருத்திக் கொடுக்க அந்நிறுவனம் உடன்பட்டது.

இவ்விரு செய்திகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. திருத்தச் செலவு கண்ணாடியின் விலையால் உயரவில்லை. கெட்ட பகுதியைத் தனியே விற்க மறுப்பதனாலேயே அது உயர்கின்றது. அதற்கு மேலும் ஒரு பூட்டு உண்டு. பல புதிய வண்டிகளில் திரையின் கணினி அந்த வண்டியின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டுள்ளது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய நல்ல திரையைக் கொண்டுவந்து பொருத்தினாலும், உற்பத்தியாளரின் கணினியோடு தொடர்புகொண்டு அனுமதி பெற்றாலன்றி அது வேலை செய்யாது. பொருள் நம்முடையது, பணம் நம்முடையது, திறவுகோல் மட்டும் கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் இருக்கின்றது!

நம் கரைக்கு வரும் வண்டிகள்

இந்தப் பொதுவான துன்பம் நம் பகுதிக்கு வரும்போது இருமடங்காகின்றது. காரணம், மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை நம் வீதிகளில் ஓடும் வண்டிகளிற் பல ஜப்பானில் ஒருமுறை ஓடி, ஏலத்தில் விலைபோய், கப்பலேறி வந்தவை. ஜப்பானியச் சாரதிக்காகச் செய்யப்பட்ட திரை ஜப்பானிய மொழியிலேயே பேசும். அது காட்டும் வரைபடம் ஜப்பானின் வரைபடம். அதன் வானொலிகூட நமக்கு முழுதும் பொருந்துவதில்லை. ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையான எல்லைக்குள் நடைபெற்றது. பின்னரே 95 வரை நீண்டது. நம் நாட்டிலோ அந்த எல்லை 88 முதல் 108 வரை. ஆதலால் நம் நிலையங்களிற் பலவற்றைக் கேட்பதற்கு இடையில் ஒரு மாற்றுக் கருவியைப் பொருத்தவேண்டியிருக்கின்றது.

இதனினும் பெரிய சங்கடம் மின்கலத்தை மாற்றும் நாளில் நேர்கின்றது. ஜப்பானியத் திரைகளிற் சில, மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் திருடன் கழற்றிவிட்டான் என்று எண்ணித் தம்மைத் தாமே பூட்டிக்கொள்கின்றன. மீண்டும் திறக்க ஒரு கடவுச்சொல்லோ, வண்டியோடு வந்த மூல வரைபட அட்டையோ வேண்டும். அந்த அட்டை கைமாறிக் கைமாறி எங்கோ தொலைந்திருக்கும். கடவுச்சொல்லை அறிந்தவர் ஜப்பானில் இருப்பார். நல்ல நிலையிலுள்ள திரை, எவரும் வாசிக்கவியலாத எழுத்தில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டு உயிரற்று நிற்கும். பழுதேயில்லாத பொருளுக்குத் திருத்தச் செலவு! இதனைக் காட்டிலும் வேடிக்கையும் வேதனையும் கலந்த நிலை வேறுண்டோ?

அடுத்து, பணத்தின் கதை. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் 360 ரூபாவைத் தொட்டது. பின்னர் இறங்கியபோதும், 2025 இல் 300 ரூபா அளவிலேயே நிலைகொண்டது. ஆயிரம் டொலர் பெறுமதியான உதிரிப்பாகம் ஒன்று முன்பு இரண்டு இலட்சமென்றால், தொழிற்சாலை விலையில் ஒரு சதமேனும் கூட்டாதபோதும் மூன்று இலட்சமாகிவிட்டது. அதன்மேல் சுங்கத் தீர்வை. அதற்கும் மேல், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிய பெறுமதி சேர் வரி. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழைய உதிரிப்பாகம் தேடி அலைவோர் முன்னூறு கிலோமீற்றருக்கு மேற் பயணம் செய்து, ஒரு நாட் கூலியையும் இழந்து, பொருந்துமோ பொருந்தாதோ என்ற ஐயத்தோடு திரும்புகின்றனர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேயே. அந்த ஐந்தாண்டுகள் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. புதிய வண்டி வராத நாட்டில் பழைய வண்டியை ஓடவைத்தவர் யாவர்? உடையில் எண்ணெய்க் கறையோடு மரநிழலிலும் தகரக் கொட்டிலிலும் குனிந்து நின்ற நம் கராஜ் தொழிலாளரே. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில், ஒரு பாகத்தை இன்னொன்றாக மாற்றி, கடைசலில் கடைந்து, ஒட்டவைத்து, ஊரின் போக்குவரத்தை அவர்கள் காத்தனர். தடை நீங்கியபின் வந்திறங்கும் வண்டிகளோ பெரும் பெரும் திரைகளோடு வருகின்றன. ஜப்பானிய வண்டிகளோடு சீனத்து மின்வண்டிகளும் சேர்ந்து வருகின்றன. நெருக்கடியில் நாட்டைத் தாங்கிய கைகளுக்கு இவ்வண்டிகளுக்குள் நுழைய வழியில்லை என்றால், அடுத்த நெருக்கடியில் நம்மைத் தாங்குபவர் யார்?

பதினெட்டு வளைவில்

திரை என்பது பாட்டுக் கேட்கும் பொழுதுபோக்குக் கருவிதானே, கெட்டால் கெடட்டும் என்று சிலர் எண்ணலாம். திரை பாட்டோடும் வரைபடத்தோடும் நின்றுவிட்டால் அக்கூற்றுச் சரியே. அத்தகைய திரை கெட்டால், மூலத் திரையை நீக்கிவிட்டு, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சீனத்துத் திரையொன்றைப் பொருத்திக்கொள்ளலாம். நம் ஊர்த் தொழிலாளர் அதனைத் திறம்படச் செய்கின்றனர். ஆனால் குளிர்காற்றும் விளக்கும் வண்டியின் ஏனைய அமைப்புகளும் திரைக்குள்ளேயே அடங்கிய புதுவண்டிகளில் அந்த எளிய வழியும் அடைபட்டுவிடுகின்றது.

வாடகை வேன் ஓட்டும் ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வடகீழ்ப் பருவ மழை கொட்டும் மார்கழி இரவு. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நோயாளி ஒருவரையும் அவர் குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு, அம்பாறை கடந்து, மகியங்கனை கடந்து, பதினெட்டு வளைவு ஏறுகின்றார். மழையும் மலைக்குளிரும் சேர்ந்து முன்கண்ணாடியில் உட்புறமாக மூடுபனி படிகின்றது. அதனை நீக்கக் காற்றைக் கண்ணாடியின்மேல் திருப்பவேண்டும். அதற்குரிய பொத்தான் திரைக்குள் இருக்கின்றது, திரையோ இருண்டுபோயிருக்கின்றது. ஒரு கையால் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் அந்த வளைவுகளில் வண்டியைத் திருப்பும் அவரது நிலை எப்படியிருக்கும்! திருத்தச் செலவு அதிகம் என்பதனால் அதனை ஒத்திப்போட்ட ஒருவர், தம் உயிரையும் பிறர் உயிரையும் அடகுவைத்து ஓட்டுகின்றார் என்பதே இதன் பொருள்.

இது வீண் கற்பனையன்று. டெஸ்லா வண்டிகளை மீள அழைக்குமாறு அமெரிக்க அதிகாரிகள் கோரியபோது எடுத்துக்காட்டிய காரணங்களுள், பின்னோக்குக் காட்சி மறைந்துபோவதும், கண்ணாடியின் மூடுபனியை நீக்கும் கட்டுப்பாடு இயங்காமற் போவதும் அடங்கியிருந்தன. நலமாயிருக்கும் திரைகூடச் சாரதியின் கண்ணைச் சாலையிலிருந்து பறித்துவிடுகின்றது. சுவீடன் நாட்டு மோட்டார் சஞ்சிகையொன்று 2022 இல் ஒரு சோதனை நடத்திற்று. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது வானொலி, குளிர்காற்று முதலிய சில எளிய காரியங்களைச் செய்யுமாறு சாரதிகளிடம் கேட்கப்பட்டது. பொத்தான்கள் கொண்ட 2005 ஆம் ஆண்டு வொல்வோ வண்டியில் அவை பத்து விநாடிகளில் முடிந்தன. திரை கொண்ட புதிய வண்டியொன்றில் அதே காரியங்களுக்கு நாற்பத்துநான்கு விநாடிகளுக்கு மேற் சென்றன. அதற்குள் அவ்வண்டி ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்துவிட்டது.

இதன் விளைவாக மேல்நாட்டிலேயே காற்றுத் திசைமாறத் தொடங்கியிருக்கின்றது. ஐரோப்பாவில் புதிய வண்டிகளின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கெப் நிறுவனம், திருப்பு விளக்கு, ஆபத்து விளக்கு, ஊதுகுழல், கண்ணாடித் துடைப்பான், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் உணரத்தக்க தனிக் கட்டுப்பாடுகள் இருந்தாலே முழுப் புள்ளி கிடைக்கும் என்று 2026 ஆம் ஆண்டுக்கான விதிகளில் வகுத்திருக்கின்றது. ஒலி, வெப்பம், காற்று முதலியவற்றுக்குரிய பொத்தான்கள் தம் வண்டிகளுக்குத் திரும்பும் என்று வொல்க்ஸ்வாகன் நிறுவனத்தாரும் 2025 இல் அறிவித்தனர். ஆனால், அங்கே பொத்தான் திரும்பிவிட்டாலும், இடைக்காலத்தில் விற்கப்பட்ட திரைவண்டிகள் பழையனவாகி நம் துறைமுகத்துக்கே வந்துசேரும் என்பதை நாம் மறத்தல் கூடாது.

உற்பத்தியாளர் கூறும் நியாயம்

மறுதரப்பின் வாதத்தையும் கேட்பதே முறை. பூட்டு வைத்தது திருட்டைத் தடுப்பதற்காக என்கின்றனர் உற்பத்தியாளர். வண்டியின் கணினிக்குள் எவரும் நுழையலாம் என்றால், தீயோரும் நுழைந்து விபத்தை விளைவிக்கலாம் என்கின்றனர். பயிற்சியற்ற கை தொட்டால் சிறு பழுது பெரும் பழுதாகும் என்கின்றனர். இவற்றில் உண்மையில்லை என்று நாம் சொல்லவில்லை. திரையைக் கழற்றும்போது நாடாக்கம்பியை அறுத்துவிட்டு, பழி முழுவதையும் வண்டியின்மேற் போடும் அரைகுறைத் தொழிலாளரும் இருக்கத்தான் செய்கின்றனர்.

ஆயினும், திருடனைத் தடுக்கும் பூட்டு உரிமையாளனையும் தடுப்பது என்ன நீதி? வீட்டுக்குப் பூட்டுச் செய்து விற்ற கொல்லன், திறவுகோலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் கதவு திறக்கக் கூலி கேட்பதை எவரேனும் ஒப்புவரா? வண்டியின் உரிமைப் பத்திரத்தைக் காட்டியவருக்குத் திறவுச் சொல்லைக் கொடுக்கும் ஓர் ஒழுங்கை ஏற்படுத்தினால், திருட்டும் தடைப்படும், உரிமையும் நிலைக்கும். பயிற்சியின்மைதான் குறையென்றால், அதற்கு மருந்து பயிற்சி அளிப்பதும் கைந்நூலை வழங்குவதுமே. இரண்டையும் மறைத்துவைத்துவிட்டுத் தொழிலாளியைக் குறைகூறுவது பொருந்தாது.

பிற நாட்டு மக்கள் இதற்காகப் போராடி வென்றிருக்கின்றனர். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012 இல் வாக்கெடுப்பின் மூலம், முகவர்களுக்குக் கொடுக்கும் தகவலைத் தனியார் திருத்தகங்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் செய்தனர். 2020 இல் அதனை இன்னும் விரிக்கும் தீர்மானம் வந்தபோது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்து வாக்களித்தனர். அயல்நாடாகிய இந்தியாவிலும் 2022 டிசம்பரில் மத்திய அரசு திருத்தும் உரிமைக்கென ஓர் இணையத் தளத்தைத் திறந்து, விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுப் பாவனைப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளில் உற்பத்தியாளரின் தகவல்களை மக்கள் பெற வழிசெய்தது.

நாம் செய்யத்தக்கவை

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கின்றது. வாங்குவோரை ஏமாற்றத்திலிருந்து காப்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தைத் திருத்தும் உரிமைக்கும் விரித்தல் இன்றைய தேவை. ஒரு மாதிரி வண்டியை இந்நாட்டில் விற்க விரும்பும் முகவர், அதன் திரைக்குரிய தனிப்பாகங்களையும், திறவுச் சொற்களையும், திருத்தக் கைந்நூலையும் நியாயமான விலையில் எந்தத் திருத்தகத்துக்கும் வழங்க உடன்படவேண்டும் என்று இறக்குமதி நிபந்தனை விதிக்கலாம். கோடிக்கணக்கான டொலரை வண்டிகளுக்காக வெளியே அனுப்பும் நாடு இவ்வளவைக் கேட்பது பேராசையாகாது. பழுதான முழுப் பலகைகளுக்குப் பதிலாகச் சிறு பாகங்களை இறக்குமதி செய்தால் அந்நியச் செலாவணியும் மிஞ்சும்.

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றன. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. நம் கராஜ்களில் வேலைபார்க்கும் இளைஞர்க்கென மாலைநேர வகுப்புகளை நடத்தி, மின்சுற்றைச் சோதிக்கும் முறையையும், படைகளைப் பிரித்து மாற்றும் முறையையும் கற்பிப்பது இவற்றால் இயலாத காரியமன்று. கைப்பேசி திருத்தும் இளைஞரிடம் நுண்ணிய கைவேலை இருக்கின்றது. கராஜ் தொழிலாளரிடம் வண்டியைப் பற்றிய அறிவு இருக்கின்றது. இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், கொழும்புக்குப் போகும் வேலையிற் பெரும்பகுதி கல்முனையிலேயே நின்றுவிடும். விலையுயர்ந்த பரிசோதனைக் கருவிகளைப் பலர் கூட்டாக வாங்கிப் பயன்படுத்துவதும் நலம்.

வண்டி விற்கும் வணிகருக்கும் ஒரு சொல். விற்கும் பொருளின் குறையை மறைத்தல் ஆகாது என்பதும், மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்கியவர்க்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதும் நம் மார்க்கம் வகுத்த வணிக நெறி. வரைபட அட்டை இல்லையென்பதையும், திரையின் ஓரத்தில் ஒட்டு விட்டிருப்பதையும், மின்கலத்தைக் கழற்றினால் திரை பூட்டிக்கொள்ளும் என்பதையும் முன்னரே சொல்லிவிடுவது அந்நெறியைச் சார்ந்ததே. "ரெடியோவைப் போட்டுப் பார்க்கவில்லை" என்று சொல்லித் தப்புவது நெறியாகாது.

வாங்குவோரும் விழிப்பாயிருத்தல் வேண்டும். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டுத் தலையசைத்தவுடன் முற்பணம் கொடுத்துவிடாது, திரையின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பார்க்கவேண்டும். நண்பகல் வெயிலில் சற்று நேரம் நின்ற வண்டியில் அது எவ்வாறு இயங்குகின்றது என்று நோக்கவேண்டும். மூல அட்டையையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கவேண்டும். மின்கலத்தை மாற்றும்போது வேறொரு மின்கலத்தால் மின்சாரம் அறாமற் காக்குமாறு தொழிலாளரிடம் சொல்லவேண்டும். திரை கெட்டுவிட்டால், "முழுவதையும் மாற்றவேண்டும்" என்ற முதற் சொல்லை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாது, எந்தப் படை பழுதென்று கேட்கவேண்டும். குளிர்காற்றுக்கும் விளக்குக்கும் தனிப் பொத்தான் உள்ள வண்டியைத் தேர்வது எல்லாவற்றினும் மேலானது.

மருதமுனைத் தறிக்கொட்டிலில் நெய்துகொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால், நெசவாளி தறியை மாற்றுவதில்லை. பாவு முழுவதையும் வெட்டி எறிவதுமில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனைகள் இரண்டையும் தேடிப்பிடித்து, முடிச்சிட்டு, மீண்டும் நெய்கின்றாள். சம்மாந்துறை விவசாயி உழவு இயந்திரத்தை வயல் வரம்பிலேயே கழற்றிப் பூட்டுகின்றார். சாய்ந்தமருதுக் கடற்றொழிலாளி தோணியின் இயந்திரத்தைக் கரை மணலிலேயே பிரித்துச் சீராக்குகின்றார். அறுந்ததை முடிந்து வாழும் இந்த அறிவே நம் கரையின் முதற்பொருள். ஏழரை இலட்சம் கொடுத்துத் திரையை மாற்றும் வசதி நம்மிற் பலருக்கு இல்லை. அறுந்த இழையைக் காணவும் தொடவும் முடிந்தால், அதனை முடியத் தெரிந்த கைகள் நம்மிடம் உண்டு. அக்கைகளுக்குக் கதவைத் திறந்துவிடுமாறு கேட்பதே இப்பொழுது நாம் செய்யவேண்டிய காரியம்.